நீர் எடுக்கச் சென்றவர்கள்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அகிம்சை பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. நீரை வடிகட்டிப் பருகும் குடும்பங்களில் பிறந்தவர்கள் அவர்கள். ஆகவே இன்று இம்சையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒரே நகரத்தில், நான்கு ஆண்டுக்காலம், நாள் தவறாமல் நிகழ்ந்த இம்சை. அந்நகரத்தின் பெயர் சரயேவோ.

அப்பெயர் எனக்குள் புகுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1993ஆம் ஆண்டில் நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். சமூக அறிவியல் ஆசிரியர் விடுப்பில் சென்றிருந்த ஒரு நாள், அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் உலகப் போர் பாடம். 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்டு சரயேவோ நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று படித்துவிட்டு, சுவரில் தொங்கிய படத்தில் அவ்வூரைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, நேற்று வானொலிச் செய்தியில் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லையா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுமொழி என்னிடம் இல்லை. அன்று மாலை நூலகத்துக்குச் சென்று பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டினேன். அதன்பின் இத்தனை ஆண்டுகளாக அவ்வூரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன், நேரில் சென்றதில்லை.

செஞ்சிக்கோட்டை மலைகளுக்கு நடுவே தரையில் நின்று சுற்றிப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதைப் பன்மடங்கு பெரிதாக எண்ணிக்கொள்ளுங்கள். நடுவே மில்யாட்ஸ்கா என்னும் சிற்றாறு, அதன் இருமருங்கும் நீண்டு கிடக்கும் நகரம், நாற்புறமும் மலைகள். போருக்கு முன் ஐந்து இலட்சம் பேர் வாழ்ந்த ஊர். மசூதியும், இருவகைக் கிறித்தவர்களின் கோயில்களும், யூதர்களின் தொழுகைக் கூடமும் கூப்பிடு தொலைவில் நிற்கும் ஊர். 1984இல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் அங்கேதான் நடைபெற்றன.

யூகோசுலாவியா என்னும் நாடு எவ்வாறு சிதறியது என்பதை விரித்தால் பொழுது போதாது. 1992இல் பாசுனியா தனி நாடாயிற்று. அதை ஏற்காத பாசுனிய செர்பியப் படையினர், பழைய இராணுவத்தின் பீரங்கிகளோடு மலைகளின் மேல் ஏறிக்கொண்டனர். ஏப்ரல் 5ஆம் நாள், போர் வேண்டா என்று ஊர்வலம் சென்ற மக்களை நோக்கித் துப்பாக்கிகள் வெடித்தன. சுவாதா என்னும் மருத்துவக் கல்லூரி மாணவியும் ஓல்கா என்னும் மற்றொரு பெண்ணும் ஒரு பாலத்தின்மேல் வீழ்ந்தனர். ஒருவர் இசுலாமியர், ஒருவர் கிறித்தவர். இன்று அப்பாலம் இருவர் பெயராலும் வழங்குகிறது. அன்று தொடங்கிய முற்றுகை 1996 பிப்ரவரி 29 அன்றுதான் முடிந்தது. மொத்தம் 1,425 நாட்கள். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு பட்ட முற்றுகையைக் காட்டிலும் இது நீண்டது.

முற்றுகை என்றதும் கோட்டை, அகழி, யானை, தோட்டி என்றே என்போன்ற தமிழாசிரியர்க்கு நினைவு ஓடும். உழிஞைத் திணை, நொச்சித் திணை என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். போர் தொடங்குமுன் பசுக்களும், பெண்டிரும், பிணியுடையோரும் அரண் தேடிச் செல்க என்று அறிவித்து அம்பு தொடுத்த பாண்டியன் முதுகுடுமியின் அறத்தை நெட்டிமையார் பாடியதை எத்தனையோ வகுப்புகளில் பெருமிதத்தோடு விளக்கியிருக்கிறேன். சரயேவோ மக்களுக்கு அத்தகைய அறிவிப்பு எதுவும் வரவில்லை. வெளியேற வழியும் இல்லை. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே அடைபட்டனர். மின்சாரம் நின்றது. எரிவாயு நின்றது. பிறகு குழாயில் நீர் நின்றது.

அந்நீரைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். வெடியோசைக்கு நடுவே வாத்தியம் வாசித்த ஒரு கலைஞரின் கதை உலகெங்கும் பரவியது. ஆகவே அதை விடுகிறேன். குடத்தோடு நடந்தவர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

கள்ளும் சாராயமும் கண்டால் விலகி நடப்பவர்கள் நாம். அந்நகரத்தில் பீர் வடிக்கும் பழைய ஆலை ஒன்று உண்டு. அதன் அடியில் வற்றாத ஊற்று. குழாய்கள் வறண்டபோது அவ்வாலையின் வாயிலில்தான் நகரம் வந்து நின்றது. குழந்தைகளைத் தள்ளிச் செல்லும் வண்டியில் பிளாஸ்டிக் கேன்களை அடுக்கிக்கொண்டு முதியவர்கள் வந்தனர். பனிக்காலத்தில் சிறுவர்களின் சறுக்குப் பலகைகளில் கேன்களைக் கட்டி இழுத்து வந்தனர். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின்தூக்கி ஓடாது. பத்தாம் மாடியில் இருப்பவர் பத்து மாடியும் படியேறிச் சுமக்கவேண்டும். அவ்வாறு வந்த நீரை ஒரு முறை பயன்படுத்திக் கொட்டிவிட யாருக்கு மனம் வரும்? முகம் கழுவிய நீரில் துணி அலசினர்; அலசிய நீரால் தரை துடைத்தனர்; எஞ்சியதைக் கழிப்பறைக்கு ஊற்றினர். நம் பாட்டிமார்க்கு இந்தச் சிக்கனம் புரியும்.

ஆனால் நம் பாட்டிமார் கிணற்றடிக்குப் போகையில் குன்றின் மேலிருந்து யாரும் அவர்களைக் குறி பார்த்ததில்லை. நீருக்கு நிற்கும் வரிசை மலைமேல் இருந்தவர்க்குத் தெரியும்; வரிசை என்றால் ஒரே இடத்தில் பலர். 1993 ஜூலை 12 அன்று, தோப்ரின்யா என்னும் புறநகரில், அடிகுழாய் ஒன்றின் முன் நின்ற நூறு பேர் நடுவே ஒரு குண்டு விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் மார்க்கலே சந்தையில் விழுந்ததும் ஒரே ஒரு குண்டுதான். 68 பேர் இறந்தனர். 140க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ரொட்டிக்கு நின்ற வரிசையிலும் இவ்வாறே நடந்தது. காயமுற்றவர்கள் கொண்டு செல்லப்பட்ட மருத்துவமனையும் குண்டுகளுக்குத் தப்பவில்லை. ஒலிம்பிக் விளையாட்டரங்கை ஒட்டியிருந்த மைதானம் இடுகாடாயிற்று.

இல்லறத்தானுக்கு ஏற்படும் இம்சையை நம் ஆகமங்கள் நான்காகப் பிரிக்கும் என்பதை அறிவீர்கள். சமைத்தல், பெருக்குதல் முதலியவற்றால் நேர்வது ஒன்று. தொழிலால் நேர்வது ஒன்று. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்க எதிர்த்து நிற்கையில் நேர்வது ஒன்று. மனத்தில் உறுதி கொண்டு, இவ்வுயிரைக் கொல்வேன் என்று கொல்வது ஒன்று. இந்நான்காவதை, சங்கற்ப இம்சையை, இல்லறத்தான் முழுமையாக விலக்கியே ஆகவேண்டும். சிறு வயதில் இப்பகுப்பைப் படித்தபோது, அந்த நான்காவது வகைக்கு எடுத்துக்காட்டாக வேட்டைக்காரனைச் சொல்வார்கள். சரயேவோவைப் படித்தபின் எனக்கு வேறோர் எடுத்துக்காட்டு கிடைத்தது. தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியோடு மலைச்சரிவிலும் உயர்ந்த கட்டடங்களிலும் மறைந்திருந்தவர்கள், சாலையைக் கடக்கும் ஒருவரின் முகத்தையே பார்க்க முடியும். கிழவியா, சிறுவனா என்று தெரியும். கையில் இருப்பது ஆயுதமா, நீர்க்கேனா என்று தெரியும். தெரிந்தே விசையை அழுத்தினர். சாலைச் சந்திப்புகளில் எரிந்துபோன வண்டிகளையும் இரும்புப் பெட்டகங்களையும் நிறுத்தி மக்கள் மறைப்புக் கட்டினர். கட்டடங்களுக்கு இடையே போர்வைகளைத் தொங்கவிட்டனர். மறைப்பு இல்லாத இடத்தில் ஓடினர்.

இதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் யார்? இங்கேதான் என் தொழிலுக்கே ஒரு குத்து விழுந்தது.

முற்றுகையிட்ட தரப்பின் அரசியல் தலைவர் ரதோவான் கராசிச். அவர் மனநல மருத்துவர். குண்டு விழுந்ததாக நான் சொன்ன அந்த மருத்துவமனையிலேயே முன்பு பணியாற்றியவர். கவிஞரும்கூட, குழந்தைகளுக்கும் கவிதை எழுதியவர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த தலைவர்களுள் ஒருவர் நிக்கோலா கோலியேவிச். சரயேவோ பல்கலைக்கழகத்தில் சேக்சுபியர் கற்பித்த பேராசிரியர். அவரிடம் பாடம் கேட்ட மாணவர்கள் பள்ளத்தாக்கில், குண்டுகளுக்குக் கீழே இருந்தனர். ஆசிரியர் மலைமேல் இருந்தவர்களோடு இருந்தார்.

இலக்கியம் மனத்தைப் பண்படுத்தும் என்பது நான் வாழ்நாள் முழுதும் சொன்ன சொல். பெற்றோர் கூட்டங்களில், "தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "வேலை கிடைக்கிறதோ இல்லையோ, மனிதனாவான்" என்று மறுமொழி கூறியவன் நான். சேக்சுபியரை வரிவரியாகப் படித்தவர் இவ்வாறு ஆகலாம் என்றால், சிந்தாமணியும் சிலம்பும் படித்த நான் எம்மாத்திரம்? இக்கேள்விக்கு இன்றுவரை எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று நம் முன்னோர் வினையை மூன்றாகப் பகுத்து, செய்தவனை மட்டும் பிடித்து மற்ற இருவரை விட்டுவிடாதே என்று சொல்லிவைத்தார்களே, அது ஒன்றுதான் ஓரளவு பிடிபடுகிறது. கராசிச் துப்பாக்கி ஏந்திச் சாலையைக் குறிவைத்தவர் அல்லர். செய்வித்தவர் என்பதற்கே பன்னாட்டு நீதிமன்றம் 2019இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கோலியேவிச் நீதிமன்றம் செல்லவில்லை. 1997 சனவரியில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார்.

நூல்களும் இறந்தன என்றே சொல்லவேண்டும். 1992 மே மாதம் கீழைக்கலை நிறுவனம் எரிந்தது. அரபு, பாரசீக, துருக்கி மொழிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் அதனுடன் போயின. ஆகஸ்டு 25 இரவு தேசிய நூலகத்தின்மேல் எரிகுண்டுகளை வீசினர். ஏறத்தாழ 15 இலட்சம் நூல்கள் இருந்த கட்டடம், பெரும்பகுதி சாம்பலாயிற்று. மக்கள் வரிசையாக நின்று, குண்டுகளுக்கு நடுவே, கைக்குக் கை மாற்றிச் சில நூல்களைக் காத்தனர். நூலகப் பணியாளரான ஓர் இளம்பெண் வீடு திரும்பும் வழியில் குண்டடிபட்டு இறந்தார். எரிந்த தாள்கள் கருஞ்சிறகுபோல் நகரமெங்கும் பறந்து விழுந்தனவாம்.

இதைப் படிக்கும்போது நம் வீட்டுப் பரண்கள் என் நினைவுக்கு வந்தன. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, அதன் பொருள் உணர்த்தியவர்கள் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தார். அவர்கள் வீடுகளில் அந்நூல் அப்போதும் ஓதப்பட்டு வந்தது. ஒரு தெரு எரிந்திருந்தால் அந்தத் தொடர்ச்சியே அறுந்திருக்கும்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நூலை எரித்தவர்கள் எல்லாரும் பகைவர் அல்லர். அவ்வூர்க் குளிர் நாம் அறியாத குளிர். பூங்காவின் மரங்களை வெட்டினர். பிறகு நாற்காலி, பிறகு தரையில் பதித்த பலகை, பிறகு பழஞ்செருப்பு. அதன்பின் சொந்த அலமாரியிலிருந்து நூல்களை எடுத்து, ஒவ்வொன்றாக அடுப்பில் இட்டு, ஒரு குவளை சூப்பைச் சூடாக்கினர். வாழ்நாள் எல்லாம் சேர்த்தவர் எதை முதலில் எடுத்திருப்பார்? நானும் ஒருநாள் என் அலமாரியின் முன்நின்று எண்ணிப் பார்த்தேன். முதலில் கைக்கு வந்தவை அரசு வழங்கிய பாடத்திட்டக் கையேடுகள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளிகள் மட்டும் நிற்கவில்லை. கட்டடங்களின் நிலவறைகளிலும் மாடிப்படிகளிலும் வகுப்புகள் நடந்தன. அண்டையில் குடியிருந்த ஆசிரியர் அண்டைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்.

இனி நம் அறக்கட்டளை கேட்கவேண்டிய செய்திக்கு வருகிறேன். சரயேவோவில் யூதர்கள் மிகச் சிறுபான்மையினர். 1492இல் இசுபெயினிலிருந்து துரத்தப்பட்டோரின் வழியினர். இரண்டாம் உலகப் போரில் அவர்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டு, ஓராயிரம் பேர் அளவில் எஞ்சியிருந்தனர். அவர்களுக்கு லா பெனவோலென்சியா என்னும் அறச்சங்கம் 1892 முதல் உண்டு. ஏழை மாணவர்க்கு உதவித்தொகை கொடுக்கத் தோன்றிய சங்கம். நம்முடையதைப் போன்றது என்று கொள்ளுங்கள். போர் வந்தபோது அச்சங்கம் உணவுக்கூடம் திறந்தது; மருந்துக்கடைகள் திறந்து இலவசமாக மருந்து கொடுத்தது; முதியோர் வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பியது; நகரை விட்டு வெளியேற வண்டித் தொடர்கள் ஏற்பாடு செய்தது. அவ்வண்டிகளில் பிற சமயத்தாரும் சென்றனர். உணவுக்கூடத்தில் யார் என்று கேட்கவில்லை. இசுலாமியரும் செர்பியரும் குரோவாசியரும் யூதரும் அங்கே ஒன்றாகப் பணியாற்றினர். போரிடும் எத்தரப்பையும் சேராத சிறு கூட்டம் என்பதாலேயே எல்லாத் தரப்பும் அவர்களை ஓரளவு நம்பின. சிறுபான்மையாய் இருப்பதைக் குறையாகவே பேசிப் பழகிய நமக்கு இது புதிய செய்தி.

இதைச் சொன்னபின் என்னைப் பற்றிய ஒன்றை மறைத்தால் நேர்மையாகாது. 2011 டிசம்பர் 29 இரவு. மறுநாள் காலை கரையைக் கடந்த தானே புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பகுதித் திருமண மண்டபம் ஒன்றில் இருட்டியபின் ஐம்பது அறுபது பேர் நனைந்து வந்து நின்றனர். குடிசை மக்கள். குழந்தைகள் பசி என்று அழுதன. அப்போது பொறுப்பில் இருந்தவர்களுள் நானும் ஒருவன். சூரியன் மறைந்தபின் அடுப்பு மூட்டுவது நம் ஒழுக்கத்துக்கு ஆகாது, சிற்றுயிர்கள் தீயில் விழும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு குரல் எழுந்தது. அது என் குரல். உண்மையில் என் மனத்தில் இருந்தது சிற்றுயிர் அன்று. அரிசி நம்மவர்க்குப் போதுமா என்ற கணக்கு. அகிம்சையை எடுத்து அக்கணக்கின்மேல் போர்த்தினேன். ஐம்பது ஆண்டுகளாக இரவில் பல்லில் நீர் படாத நம் அம்மையார் ஒருவர் எதுவும் பேசாமல் சமையற்கட்டுக்குச் சென்றார். விளக்கைச் சுற்றித் துணி கட்டினார். உப்புமா கிண்டி, எல்லாரும் உண்ணும்வரை நின்று பரிமாறிவிட்டு, தாம் ஒரு வாயும் உண்ணாமல் பாயை விரித்துப் படுத்தார். மறுநாள் என்னிடம், "தம்பி, இராத்திரி நீ சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். அந்த இரவில்தான் எனக்கு லா பெனவோலென்சியா பற்றிப் படித்தது மீண்டும் நினைவுக்கு வந்தது, தாமதமாக வந்தது.

சரயேவோவில் எல்லாத் தீமையும் மலைமேலேயே இருந்தது என்று நான் சொல்லவில்லை. நகரத்தைக் காத்தவர்களிலேயே ஒரு கூட்டத்தார் தங்களோடு உள்ளே இருந்த செர்பிய அண்டை வீட்டாரை இழுத்துச் சென்று கொன்று, கசானி என்னும் மலைப் பிளவில் வீசினர். அதே நகரத்தைக் காத்த தளபதிகளுள் யோவான் திவ்யாக் என்பவர் செர்பியர். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விக்காக ஒரு நிதியம் தொடங்கி, 2021இல் மறையும்வரை அதற்காகவே உழைத்தவர். பெயரையும் சமயத்தையும் வைத்து இன்னார் இப்படி என்று எழுதிவைக்க அவ்வூர் இடம் தரவில்லை.

1995 டிசம்பரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பாசுனியப் போர் முழுவதிலும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மாண்டனர். குண்டு விழுந்து சிதறிய சாலைப் பள்ளங்கள் சிலவற்றில் மக்கள் சிவப்புப் பிசினை ஊற்றி நிரப்பினர். அவற்றுக்கு ரோசாப்பூ என்று பெயர். நூலகக் கட்டடத்தைப் புதுப்பித்து 2014இல் திறந்தனர். எரிந்த நூல்களுக்கு என்ன செய்ய இயலும்?

2012 ஏப்ரல் 6ஆம் நாள், முற்றுகையின் இருபதாம் ஆண்டு நினைவு. நகரத்தின் முதன்மைச் சாலையில் சிவப்பு நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போட்டனர். இறந்தவர் ஒவ்வொருவர்க்கும் ஒன்றாக 11,541 நாற்காலிகள். அவற்றின் முன்னே இசை நிகழ்ச்சி நடந்தது. கேட்பதற்கு நாற்காலிகளில் யாரும் இல்லை. அவற்றுள் 643 மட்டும் உயரம் குறைந்தவை. பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போடுவோமே, அந்த அளவு. மாலைவரை மக்கள் அவ்வழியே நடந்து சென்றனர். நடந்து சென்றவர்கள் அந்தச் சிறிய நாற்காலிகளின் மேல் பூவும், பொம்மைக் கரடிகளும், கதைப்புத்தகங்களும் வைத்துவிட்டுப் போனார்கள்.